மொட்டுவுக்குப் பாம்புச் சட்டை

இலுப்பைக்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்தங்கரையில் ஒரு செவலைக் குதிரை புல் மேய்ந்துகொண்டிருக்கும். அதன் பெயரும் செவலைதான். பெயர் வைப்பதற்காக அந்தக் காட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

செவலை சாதுவான குதிரை. காட்டுக் குட்டிகள் எல்லாம் அதன் முதுகில் ஏறி விளையாடும். காதைப் பிடித்து இழுக்கும். பிடரிமயிரில் முடிச்சுப் போடும். செவலை ஒன்றும் சொல்லாது. எந்தக் குட்டி வந்தாலும் முதலில் மோந்து பார்க்கும். வாசனையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

"முயல் குட்டியா? ஏறு! முள்ளம்பன்றிக் குட்டியா? மெதுவாக ஏறு. ரொம்ப மெதுவாக!"

மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே குதிரையேற்ற விழா நடக்கும். குட்டிகள் ஒவ்வொன்றாகச் செவலை மேல் ஏறிக் குளத்தை ஒரு சுற்று வர வேண்டும். விழாமல், அலறாமல், நன்றாக உட்கார்ந்து வருகிற குட்டிக்குத் தாமரைப்பூ மாலை கிடைக்கும். நடுவர், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. மாலை போட்ட பிறகு எல்லாரும் இலந்தைப்பழம் தின்பார்கள். கொட்டையைத் துப்பி விளையாடுவார்கள். வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் விழா.

அந்தக் காட்டில் மிக நன்றாகக் குதிரை ஏறத் தெரிந்த குட்டி மொட்டு. மொட்டு ஒரு குரங்குக் குட்டி. செவலை இடப்பக்கம் சாய்ந்தால் அவள் வால் வலப்பக்கம் நீளும். செவலை வலப்பக்கம் சாய்ந்தால் வால் இடப்பக்கம் போகும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வால் தானாகவே செய்தது. இந்த வருஷம் மாலை தனக்குத்தான் என்று மொட்டு தினமும் செவலையின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மைனா வந்து சேரும் வரைக்கும்.

மைனா சாதாரண மைனா இல்லை. மலைமேல் இருக்கும் ஒரு பெரிய ஊரில், குதிரைப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில், கொஞ்ச காலம் கூண்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதை அது அப்படிச் சொல்லாது. "நான் பட்டணத்தில் குடியிருந்தபோது..." என்றுதான் ஆரம்பிக்கும்.

விழாவுக்குச் சில நாட்கள் இருந்தன. குட்டிகள் பழகுவதைப் பார்த்த மைனா இறக்கையால் கண்ணை மூடிக்கொண்டது.

"ஐயையோ! உங்க பிள்ளைங்க எல்லாம் இப்படியேவா குதிரை ஏறும்? ஒண்ணுமே போடாமலா?"

காட்டு விலங்குகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. பிறகு தம்மைத் தாமே குனிந்து பார்த்துக்கொண்டன. பிறந்தது முதல் அப்படித்தான் இருந்தன. அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பட்டணத்தில் எப்படிப் போவாங்க?" என்று கேட்டாள் மொட்டுவின் அம்மா குங்குமவல்லி.

"கேளுங்க! தலையில் தொப்பி. உடம்பில் மினுமினுன்னு கோட்டு. கையில் உறை. காலில் முழங்கால் வரைக்கும் பூட்ஸ். பக்கத்தில் போனாலே வாசனை ஆளைத் தூக்கும்!"

"அப்புறம்? குதிரை மேல எப்படி உட்காருவாங்க?"

மைனா கொஞ்சம் யோசித்தது. அதன் கூண்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் உடுப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது மட்டும்தான் தெரியும். குதிரை ஓடும் திடல் சுவருக்கு அந்தப் பக்கம்.

"அதெல்லாம் சின்ன விஷயம். உடுப்பு சரியா இருந்தா மத்தது தானா வந்துடும்!" என்றது மைனா. அதோடு நிறுத்தவும் இல்லை. "பட்டணத்தில் நல்ல உடுப்புக்குத் தனிப் பரிசு உண்டு. இங்கேயும் வச்சா என்ன? ஒரு மயிலிறகுக் கிரீடம்! அதைப் பிள்ளைக்குப் போட வேண்டாம். உடுத்திவிட்டவங்களுக்குத்தானே மரியாதை? அம்மா தலையில் வைக்கலாம்!"

அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"நடுவர் ஐயா! என்ன சொல்றீங்க?" என்று மைனா கத்தியது.

குளத்தில் நின்ற கொக்கு தண்ணீரைப் பார்த்தபடியே "சரி" என்றது. மைனாவிடம் சொன்னதா, அலகுக்கு எட்டும் தூரத்தில் வந்த கெண்டை மீனிடம் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. கெண்டைக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து காட்டில் யாரும் குட்டிகளைக் குதிரை ஏறப் பழக்கவில்லை. நேரம் ஏது? எல்லாரும் உடுப்புத் தயாரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். மைனாவைக் கேட்டார்கள். மயிலைக் கேட்டார்கள். வண்ணத்துப்பூச்சியைக்கூடக் கேட்டார்கள். செவலையை மட்டும் யாரும் கேட்கவில்லை. குதிரையேற்றத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அது வெறும் குதிரைதானே!

குங்குமவல்லி நேராகத் தையல்சிட்டிடம் போனாள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் குருவி அது. மொட்டுவையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"என் பொண்ணுக்குக் கோட்டு தைக்கணும். காடே மூக்கில் விரலை வைக்கணும்!"

"தேக்கிலையில் தைக்கட்டுமா, முருக்க இலையில் தைக்கட்டுமா?"

"ரெண்டிலும் தை. ஒண்ணு மேல ஒண்ணு!"

தையல்சிட்டு அளவு எடுத்தது. சுற்றிச் சுற்றிப் பறந்து தைத்தது. கழுத்து வரை மூடித் தைத்துவிட்டு ஒதுங்கி நின்று அழகு பார்த்தது.

"அம்மா, மூச்சு முட்டுது!" என்றாள் மொட்டு.

"மூச்சு விடவும் வழி வேணுமா? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தையல்சிட்டு சலித்துக்கொண்டது. ஒரு தையலைப் பிரித்துவிட்டது.

அடுத்த சிக்கல் வால். கோட்டுக்குப் பின்னால் வால் புடைத்துக்கொண்டு நின்றது.

"இது என்ன, நடுவுல ஒரு கொம்பு மாதிரி?" என்று குங்குமவல்லி முகத்தைச் சுளித்தாள்.

"வால்மா."

"தெரியுதுடி! இதை என்ன பண்றது?" அவள் மைனாவைப் பார்த்தாள்.

"பட்டணத்துப் பிள்ளைங்களுக்கு வாலே கிடையாது" என்றது மைனா.

அது போதாதா? குங்குமவல்லி மொட்டுவின் வாலை மடித்தாள். கொடியால் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். அதன் மேல் கோட்டைப் போட்டாள். இப்போது வால் இல்லை. பட்டணமே வந்து இறங்கியதுபோல் இருந்தது.

"அம்மா, வால் இல்லாம எப்படி ஏறுவேன்?"

"ஏறறதுக்கு வால் எதுக்குடி? ஏறப் போறது குதிரை மேலயா, மரத்து மேலயா?"

பாவம், இந்தக் கேள்விக்கு மொட்டுவுக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு இருந்ததும் இல்லை. வால்தான் அவளுக்காகப் பதில் சொல்லிவந்தது.

கைக்கு உறை வேண்டும். காட்டுவாழையின் பூவிலிருந்து சிவந்த மடல்களை உரித்து இரண்டு கையிலும் மாட்டினாள் அம்மா. காலுக்கு பூட்ஸ் வேண்டும். மூங்கில் குழாய்களை வெட்டி முழங்காலுக்கு மேல் வரைக்கும் நுழைத்தாள். தலைக்குத் தொப்பி வேண்டும். காய்ந்த சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாள். அது கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு முறை தலையை ஆட்டும்போதும் மூக்கு வரைக்கும் இறங்கியது.

"ஒண்ணும் தெரியலைம்மா!"

"உனக்கு எதுக்குத் தெரியணும்? நீ எல்லாருக்கும் தெரிஞ்சா போதும்!"

எல்லாம் இருந்தது. மினுமினுப்பு மட்டும் இல்லை. குங்குமவல்லிக்கு அதே கவலையாகிவிட்டது. பழம் தின்னப் பிடிக்கவில்லை. பேன் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. குரங்குக்கு அதைவிடப் பெரிய கவலை இருக்க முடியாது.

விழாவுக்கு முந்தின நாள் புற்றோரமாகப் போனவள் துள்ளிக் குதித்தாள். புற்றின் வாசலில் நீளமாக, கண்ணாடி போல, வெயிலில் பளபளவென்று ஒன்று கிடந்தது. பாம்பு உரித்துப் போட்ட சட்டை!

"பேரிலேயே சட்டைன்னு இருக்கு! இதைவிட என்ன வேணும்?"

அதைச் சுருட்டி எடுத்து வந்து மொட்டுவின் கோட்டு மேல் குறுக்கும் நெடுக்கும் சுற்றினாள். பாம்பின் தலைப்பக்கம் தோளில் வந்தது. வால்பக்கம் பின்னால் தொங்கிக் காற்றில் ஆடியது. அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் போட்டது.

அந்த வழியாகக் கரடி உலகம்மா தன் குட்டி வண்டனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"உலகம்மாக்கா! உங்க வண்டனுக்கு என்ன உடுப்பு?" என்று குங்குமவல்லி கேட்டாள்.

"மூக்கைத் துடைச்சுவிட்டேன்" என்றாள் உலகம்மா.

"அவ்வளவுதானா?"

"காதுகிட்ட கொஞ்சம் தேன் ஒட்டியிருந்தது. அதையும் நக்கிவிட்டேன்." உலகம்மா மொட்டுவைச் சுற்றி வந்து பார்த்தாள். "அது சரி, இந்த இலை மூட்டை என்ன?"

"மூட்டையா! அது என் பொண்ணு!"

"அப்படியா? கண்ணு, உள்ளே நல்லா இருக்கியா?"

சுரைக்குடுக்கைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது.

"பொறாமை! வேற ஒண்ணுமில்லை!" என்று, கரடி போன பிறகு, குங்குமவல்லி மகளிடம் சொன்னாள். "எல்லாம் உனக்காகத்தான்டி பண்றேன். நாளைக்குப் பாரு, எனக்குக் கிரீடம் வைப்பாங்க!"

உனக்காக, எனக்கு. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அம்மாவுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

மறுநாள் விழா. குளத்தங்கரை முழுக்கக் கூட்டம். அம்மாக்கள் தங்கள் குட்டிகளைப் பார்க்கவில்லை. அடுத்தவர் குட்டியின் உடுப்பைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்கள்.

முதலில் முயல் குட்டி வந்தது. அம்மா முயல் அதற்குப் பச்சைப் பசேலென்று இளங்கீரையில் சட்டை தைத்திருந்தாள். தன் முறைக்குக் காத்திருந்த நேரத்தில் குட்டி சட்டையின் ஒரு கையைத் தின்றுவிட்டது. பாதிச் சுற்று வருவதற்குள் மற்றக் கையையும் தின்றது. இலந்தைப்பழப் பொத்தான்களை அது பிறகு சாப்பிடுவதற்காக வைத்துக்கொண்டது. அந்த மும்முரத்தில் பிடி விட்டுத் தொப்பென்று புல்லில் விழுந்தது. வாயில் மட்டும் கீரை இருந்தது.

அடுத்து முள்ளம்பன்றிக் குட்டி. முள் தெரிந்தால் அநாகரிகம் என்று அதன் அம்மா உடம்பு முழுக்கப் பஞ்சு சுற்றியிருந்தாள். முள்ளுக்கும் காற்று வேண்டாமா? குட்டிக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஏறின இடத்திலேயே நெளிந்தது. முள் ஒவ்வொன்றாகப் பஞ்சைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. செவலை "ஆ!" என்று ஒரு துள்ளுத் துள்ளியது. முள்ளம்பன்றிக் குட்டி நேராகக் குளத்துக்குள் போனது. தண்ணீரில் ஊறிய பஞ்சோடு அதைக் கரையேற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது.

"ஆனா உடுப்பு நல்லாதான் இருந்துச்சு!" என்றது மைனா.

அப்புறம் வண்டன் வந்தான். மூக்கு துடைத்திருந்தது. செவலை அவனை மோந்து பார்த்துவிட்டு, "ஏறு வண்டா, நேத்தும் தேன் தின்னியா?" என்றது. வண்டன் ஏறினான். மெதுவாக, கொட்டாவி விட்டுக்கொண்டு, ஒரு சுற்று வந்தான். இறங்கினான். யாரும் கைதட்டவில்லை. பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? பிள்ளை விழவில்லை. அழவில்லை. அவ்வளவுதான்.

அவனுக்குப் பிறகு வந்த குட்டிகளும் உடுப்புத் தடுக்கி விழுந்தன. கடைசியாக மொட்டு.

அவளால் நடக்க முடியவில்லை. மூங்கில் பூட்ஸுக்குள் முழங்கால் மடங்கவில்லை. குங்குமவல்லிதான் தூக்கிக்கொண்டு வந்தாள். புனுகுப்பூனையிடம் கேட்டு வாங்கிய புனுகை வேறு மகளின் தலைமுதல் கால்வரைக்கும் தடவியிருந்தாள். பட்டணத்து வாசனை! முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். மரியாதை காரணமாக இருக்கும்.

"ஆகா! பட்டணம்! அப்படியே பட்டணம்!" என்று மைனா இறக்கை தட்டியது. கூட்டம் வாயைப் பிளந்தது. குங்குமவல்லி கிரீடம் வைக்க வசதியாகத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள்.

செவலை மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. மொட்டுவின் வாசனை இல்லை. புனுகு மூக்கைக் குத்தியது. ஒரு தும்மல் போட்டது.

"யாரு இது?"

"நான்தான் அத்தை!" என்றாள் மொட்டு. அந்தக் குரல் சுரைக்குடுக்கைக்குள் சுழன்று பேய்க்குரல் மாதிரி வெளியே வந்தது. செவலையின் காதுகள் பின்னால் மடிந்தன. அது ஓர் அடி பின்வாங்கியது.

"அம்மா, செவலை அத்தை பயப்படுறாங்க. வேண்டாம்மா."

"பயமில்லைடி, அசந்துபோயிடுச்சு! ஏறு!" என்று குங்குமவல்லி மகளைத் தூக்கிக் குதிரை முதுகில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குளத்தின் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பாம்புச் சட்டையின் வால்பக்கம் படபடத்து எழுந்து செவலையின் விலாவில் பட்டது. சரசரவென்றது. செவலை தலையைத் திருப்பிப் பார்த்தது. தன் முதுகின் மேல், கண்ணுக்குப் பக்கத்தில், பளபளவென்று ஒரு பாம்பு!

எந்தக் குதிரைதான் நிற்கும்?

செவலை முன்கால்களைத் தூக்கிக் கனைத்தது. அடுத்த நொடி பிடித்தது ஓட்டம். குளத்தைச் சுற்றி இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு யானைத்தடத்தில் இறங்கிக் காட்டுக்குள் ஓடியது. மொட்டு முதுகில் குப்புறக் கிடந்தாள். வாலைக் கட்டிய கொடியின் நுனி பிடரிமயிரில் சிக்கிக்கொண்டதால் மட்டும் அவள் இன்னும் விழவில்லை.

"ஓடட்டும், ஓடட்டும்! பட்டணத்தில் இதைப் பார்க்கத்தான் கூட்டமே வரும்!" என்றது மைனா.

குங்குமவல்லிக்கு அது காதில் விழவில்லை. யானைத்தடம் எங்கே போய் முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். பாறைப் பள்ளம். கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். அவள் ஒரே தாவில் மரத்தில் ஏறினாள். கிளைக்குக் கிளை பாய்ந்தாள். வாழ்க்கையில் அவள் அப்படிப் பாய்ந்ததில்லை. குதிரைக்கு நேர் மேலே வந்துவிட்டாள்.

"மொட்டு! வாலை விரி! வாலை விரிச்சு நேரா உட்காரு!"

"வாலைத்தான் நீ கட்டிட்டியேம்மா!"

"கையால பிடரியைப் பிடி!"

"மடல் வழுக்குதும்மா!"

"காலை மடக்கி இறுக்கிக்கோ!"

"மடங்கலைம்மா!"

"முன்னால கிளை வருது, குனி! பார்த்துக் குனி!"

"ஒண்ணும் தெரியலைம்மா!"

அம்மா சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் அம்மாவே முன்கூட்டி ஒரு தடை செய்து வைத்திருந்தாள். எதையும் விட்டுவைக்கவில்லை. மிகவும் கச்சிதமான வேலை! கிளை வந்தது. சுரைக்குடுக்கையில் மோதியது. குடுக்கை இரண்டாகப் பிளந்து விழுந்தது. அடுத்த கிளை இன்னும் தாழ்வாக இருந்தால் என்ன ஆகும்?

குங்குமவல்லி இன்னும் தாழ்ந்த கிளைக்கு இறங்கினாள். "கண்ணு! பயப்படாதே! அம்மா வரேன்!" என்று கத்திக்கொண்டே கிளையை விட்டுக் குதித்தாள்.

செவலையின் முதுகில் விழுந்தாள். வழுக்கினாள். ஒரு கையால் பிடரியைப் பற்றிக்கொண்டாள். மறு கையால் மகளை அணைத்துக்கொண்டாள். முதலில் பாம்புச் சட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். அது பிய்ந்து காற்றில் பறந்து போனது. கோட்டைக் கிழித்தாள். தேக்கிலையும் முருக்க இலையும் தடம் முழுக்கச் சிதறின. கைமடல்களை உருவி எறிந்தாள். மூங்கில் குழாய்களைப் பிடுங்கி எறிந்தாள். நாள்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த அலங்காரம்! அவிழ்க்க ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

கடைசியாக வால். கொடியின் முடிச்சு இறுகியிருந்தது. அவள் போட்ட முடிச்சுதான். அவிழவில்லை. கடித்தாள். நார் ஈறில் குத்தியது. ரத்தம் வந்தது. விடவில்லை. கடைசி நாரும் அறுந்தது.

வால் விடுபட்டு நீண்டது. செவலை இடப்பக்கம் சாய்ந்தது. வால் வலப்பக்கம் போனது. மொட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் அம்மாவையும் பிடித்துக்கொண்டாள். சொல்லப்போனால் அம்மாதான் விழுகிற நிலையில் இருந்தாள்.

மொட்டு பிடரி மேல் ஏறிச் செவலையின் காதருகே போனாள்.

"அத்தை! நான் மொட்டு! முன்னால பள்ளம்! திரும்புங்க அத்தை!"

இந்தக் குரல் செவலைக்குத் தெரிந்த குரல். காது நிமிர்ந்தது. பாறைப் பள்ளத்தின் விளிம்பு தெரிந்தது. செவலை உடம்பை முறுக்கித் திரும்பியது. திரும்பிய இடத்தில் காட்டுப்பன்றிகள் புரளும் சேற்றுக்குழி இருந்தது. கால் சறுக்கியது. குதிரை, அம்மா, மகள் மூன்று பேரும் சேர்ந்து சேற்றுக்குள் விழுந்தார்கள்.

கொஞ்ச நேரம் குமிழிகள் மட்டும் வந்தன. பிறகு மூன்று தலைகள் வந்தன.

செவலை மூச்சு வாங்கியபடி மொட்டுவை மோந்து பார்த்தது. சேறு புனுகைத் தின்றுவிட்டிருந்தது.

"அட, மொட்டா! எங்கேடி போனே? நீ ஏறுவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். உன் இடத்தில யாரோ ஒரு பாம்பு வந்து ஏறிடுச்சு!"

"அது நான்தான் அத்தை."

"நீயா? உனக்கு என்ன ஆச்சு?"

மொட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சேற்றைப் பார்த்தாள்.

"நான்தான் செவலை பண்ணேன். உன்னையும் கேட்கலை. இவளையும் கேட்கலை" என்றாள் குங்குமவல்லி. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை இருக்கிறதா, கால் இருக்கிறதா, வால் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. காலையிலும் இருந்தனதான். காலையில் அவள் பார்க்கவில்லை.

அவர்கள் குளத்தங்கரைக்குத் திரும்பியபோது பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. மொட்டுவைக் காணோம் என்பதற்காக விழாவை நிறுத்த முடியுமா? மைனா அதெல்லாம் பட்டணத்தில் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டது. உலகம்மா மட்டும் யானைத்தடத்தில் பாதி தூரம் தேடிப்போய், வழியில் சிதறிக் கிடந்த இலைகளைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் சேறென்றும் பாராமல் மொட்டுவைக் கட்டிக்கொண்டாள்.

கொக்கு தாமரைப்பூ மாலையை வண்டன் கழுத்தில் போட்டது. ஒழுங்காக ஒரு சுற்று வந்தவன் அவன் ஒருவன்தான். வண்டன் மாலையை மோந்து பார்த்துவிட்டு ஓர் இதழைத் தின்றான்.

"அடுத்து உடுப்புக்கான பரிசு!" என்று மைனா அறிவித்தது.

கொக்கு கழுத்தை நீட்டிக் குட்டிகளைப் பார்த்தது. முயல் குட்டியிடம் சட்டையே இல்லை. வயிற்றுக்குள் இருந்தது. முள்ளம்பன்றிக் குட்டி ஈரப் பஞ்சாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்களின் தொப்பியும் உறையும் புல்லில் மிதிபட்டுக் கிடந்தன. அப்போதுதான் கொக்கின் கண்ணில் மொட்டு பட்டாள். தலைமுதல் வால்நுனி வரை கருகருவென்று, வழவழவென்று, மாலை வெயிலில் மின்னிக்கொண்டு நின்றாள். சேறு இன்னும் காயாமல் நன்றாக ஒட்டியிருந்தது.

"ஆகா! என்ன உடுப்பு! ஒரு சுருக்கம் இல்லையே! உடம்போடு எப்படி ஒட்டியிருக்கிறது பாருங்கள்!" என்றது கொக்கு.

"தையலே தெரியலை பாருங்க! நான் தைச்சது!" என்று தையல்சிட்டு முன்னால் பறந்து வந்தது.

"நான் சொல்லித் தைச்சது!" என்றது மைனா. "பட்டணத்தில்கூட இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்ததில்லை!"

கூட்டம் "ஆமாம், ஆமாம்!" என்று ஆர்ப்பரித்தது. அடுத்த வருஷம் அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று இரண்டு அம்மாக்கள் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கொக்கு மயிலிறகுக் கிரீடத்தை அலகில் எடுத்துக்கொண்டு குங்குமவல்லியிடம் வந்தது. நீலமும் பச்சையுமாக அது தகதகத்தது. காடே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தூக்கம் கெட்டு ஆசைப்பட்ட கிரீடம். தலையைத் தாழ்த்தினால் போதும், ஏறிவிடும்.

குங்குமவல்லி கிரீடத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மொட்டு வாலால் காதிலிருந்த சேற்றைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, இது உடுப்பு இல்லை" என்றாள் அவள். "இது என் பொண்ணு."

கூட்டம் சிரித்தது. கொக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. குங்குமவல்லி யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்கினாள். கைநிறையத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். சேறு கரைந்து போனது. உள்ளே இருந்த குட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"அம்மா, கிரீடம் வேண்டாமா உனக்கு?"

"ஆசையாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வாங்கலை?"

"பேசாம இருடி. வாயில தண்ணி போகும்."

குளித்து முடித்ததும் மொட்டு கரையில் நின்ற செவலையைப் பார்த்தாள். செவலை மொட்டுவைப் பார்த்தது. குங்குமவல்லி இருவரையும் பார்த்தாள். அவளுடைய கை தன்னை அறியாமல் மகளின் தலைமுடியைச் சீவிவிடப் போனது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். "ஈரமா இருக்கு. பார்த்துப் பிடிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

மொட்டு தாவி ஏறினாள். கூட்டம் அதற்குள் இலந்தைப்பழத்தின் பக்கம் போய்விட்டது. பார்க்க யாருமில்லை. செவலை குளத்தைச் சுற்றி நடந்தது, பிறகு ஓடியது. குட்டியின் வால் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு போனது. குங்குமவல்லி கரையோரமாகவே, மூச்சிரைக்க, கூடவே ஓடினாள்.

பிள்ளைக்கு உடுத்திவிடும் நேரத்தில், பார்க்கப் போகிறவர்களின் கண்ணை மறந்து, அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடியாடப் போகிற பிள்ளையின் கையையும் காலையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.